மார்ச் 14: ஒரே தேதியில் இத்தனையும் நடந்ததா?

பள்ளியின் காலைக் கூட்டத்தில் வாசிக்க உங்கள் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. மார்ச் 14 பை தினம் (வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14159... என்ற எண்ணுக்கான நாள்), ஐன்ஸ்டீன் பிறந்த நாள், ஸ்டீபன் ஹாக்கிங் இறந்த நாள், கார்ல் மார்க்ஸ் இறந்த நாள், இந்தியாவின் முதல் பேசும்படம் வெளியான நாள், உலக சிறுநீரக தினம், ஜப்பானில் வெள்ளை தினம், அமெரிக்காவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் தினம். கடைசி வரியாக, 'இத்தனையும் ஒரே தேதியில் வருவது தற்செயலா?' என்று ஒரு கேள்வி. இதில் எதை நம்பி மைக்கில் வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவையெல்லாம் உண்மையா என்பது ஒன்று. உண்மைதான் என்றால் அந்தத் தேதிக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்பது இன்னொன்று.

நான் ஒரு நாளிதழில் 'வரலாற்றில் இன்று' பகுதியைப் பல ஆண்டுகள் தொகுத்தவன். அந்த மேஜையில் உட்கார்ந்த எவருக்கும் சீக்கிரமே புரிந்துவிடும் விஷயம், இந்தப் பட்டியல்களில் வரிசையாக நிற்பவை எல்லாம் ஒரே ரகம் அல்ல என்பது. சில, அந்த நாளில் நடந்தவை. அவற்றுக்கு அந்தச் சமயத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது ஒரு காகிதம் சாட்சியாக இருக்க வேண்டும். வேறு சில, அந்த நாளுக்கென்று யாரோ அறிவித்தவை. அவற்றுக்குக் கேட்க வேண்டியது 'உண்மையா' என்றல்ல. யார் அறிவித்தார்கள், எந்த ஆண்டு, எதற்காக என்று. இந்த இரண்டையும் ஒரே சல்லடையில் போட்டுச் சலித்தால் ஒன்றும் தேறாது.

நடந்தவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐன்ஸ்டீன் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஜெர்மனியில் உல்ம் நகரத்தின் பிறப்புப் பதிவு இருக்கிறது. 1879 மார்ச் 15 அன்று எழுதப்பட்ட பதிவு அது. பான்ஹோஃப் தெருவில் குடியிருக்கும் வணிகர் ஹெர்மன் ஐன்ஸ்டீன் நேரில் வந்து, தன் மனைவி பவுலினுக்குத் தன் வீட்டிலேயே மார்ச் 14 காலை 11.30 மணிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது என்றும், ஆல்பர்ட் என்று பெயர் வைத்திருப்பதாகவும் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். பிறந்த மறுநாளே தந்தை நேரில் வந்து சொன்னது, மணிநேரத்தோடு. ஒரு தேதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த வீடு 1944 குண்டுவீச்சில் போய்விட்டது, பதிவு நிலைத்துவிட்டது. நாக்கை நீட்டிக்கொண்டு அவர் இருக்கிறாரே, உலகமே பார்த்த அந்தப் படம், அதுவும் ஒரு மார்ச் 14-இல் எடுத்ததுதான். 1951-இல் பிரின்ஸ்டனில் தன் 72-வது பிறந்த நாள் விருந்து முடிந்து காரில் ஏறி உட்கார்ந்திருந்தபோது ஆர்தர் சாஸ் என்ற பத்திரிகைப் படக்காரர் எடுத்தார். உங்கள் பட்டியலில் இது இல்லை. பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றையும் விட இது பிடிக்கும்.

மார்க்ஸுக்கும் அதே மாதிரி அழுத்தமான சாட்சி உண்டு. 1883-இல் லண்டன் ஹைகேட் கல்லறையில் ஏங்கெல்ஸ் பேசிய இரங்கல் உரை தொடங்குவதே தேதியையும் நேரத்தையும் சொல்லித்தான்: மார்ச் 14, பிற்பகல் மூன்று மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில். பேசியது மூன்று நாள் கழித்து, பேசியவர் நாற்பது வருட நண்பர். ஹாக்கிங் 2018 மார்ச் 14 அதிகாலை கேம்பிரிட்ஜில் தன் வீட்டில் இறந்தார், பிள்ளைகள் மூவரும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். இதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. அங்கே அதிகாலையாக இருந்தபோது அமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்னும் 13-ஆம் தேதி இரவு. 'வரலாற்றில் இன்று' என்று எழுதும்போது எப்போதும் சம்பவம் நடந்த ஊரின் தேதியைத்தான் எடுக்க வேண்டும், செய்தி வந்து சேர்ந்த ஊரின் தேதியை அல்ல. இதைக் கவனிக்காததால் ஒரே சம்பவம் இரண்டு பட்டியல்களில் இரண்டு தேதிகளில் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேசும்படம் பற்றியும் தைரியமாக வாசிக்கலாம். அர்தேஷிர் இரானி இயக்கிய 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. ஏழு பாட்டுகள் இருந்த படம். இன்று அதன் ஒரு பிரதிகூட எஞ்சவில்லை, தேதி மட்டும் தெளிவாக இருக்கிறது. அதே இரானியின் இம்பீரியல் கம்பெனிதான் அந்த ஆண்டு அக்டோபர் 31-இல் டி. பி. ராஜலட்சுமி நடித்த, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தையும் வெளியிட்டது, அது நம் ஊருக்கு முக்கியமான தேதி. ஆனால் சினிமாத் தேதி என்றாலே நம்பிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே வரிசையில் வந்த தெலுங்குப் படம் 'பக்த பிரகலாதா' 1931 செப்டம்பர் 15-இல் வெளியானதாகப் பல பத்தாண்டுகள் எல்லாப் புத்தகங்களிலும் அச்சாகியிருந்தது. பிறகு ஒருவர் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளையும் தணிக்கைப் பதிவையும் தேடிப் பார்த்தபோது, அந்தப் படம் தணிக்கைச் சான்று பெற்றதே 1932 ஜனவரியில் என்றும், திரைக்கு வந்தது 1932 பிப்ரவரி 6 என்றும் தெரிந்தது. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதினால் நூறு புத்தகங்கள் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான். இது மிக அண்மைக் காலத்து, நம் கைக்கெட்டும் தூரத்து விஷயத்திலேயே நடந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1700-க்கு முந்தைய தேதி என்றால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மார்ச் 14 பட்டியல்களில் டெலமான் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரைப் பார்க்கலாம், 1681-இல் மாக்டபுர்க் நகரில் பிறந்தவர். வேறு பட்டியல்களில் அவர் மார்ச் 24-இல் இருப்பார். இரண்டுமே சரி. அப்போது புராட்டஸ்டன்ட் ஜெர்மனி பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது, 1700-இல்தான் மாறியது. அந்த ஊரில் அன்று மார்ச் 14, ரோமில் அதே நாள் மார்ச் 24. கலிலியோ இறந்த 1642-இலேயே நியூட்டன் பிறந்தார் என்று பாடப்புத்தகத்தில்கூட எழுதுகிறார்களே, அதுவும் இப்படித்தான் உருவானது. கலிலியோவின் மரணம் இத்தாலியின் புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டனின் பிறப்பு இங்கிலாந்தின் பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. இருவரையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. பிள்ளைகளிடம் ஒரு தேதியைச் சொல்லும்போது எந்த நாட்காட்டி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு அதுவே ஒரு பாடம்.

இனி அறிவிக்கப்பட்ட நாட்கள். பை தினத்துக்கு ஊர், பேர், ஆண்டு எல்லாம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த இயற்பியலாளர் லாரி ஷா 1988-இல் இதைத் தொடங்கினார். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், ஆகவே மார்ச் 14 என்பது 3/14 ஆகிறது, பையின் முதல் மூன்று இலக்கங்கள். அடுத்த மூன்று இலக்கங்கள் 159 என்பதால் பிற்பகல் 1.59-க்குக் கொண்டாட்டம், வட்டமாக ஊர்வலம், ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள 'பை' என்ற, பழம் வைத்துச் சுட்ட பண்டம். அது ஐன்ஸ்டீனின் பிறந்த நாளும்கூட என்பது தொடங்கியபோது அவர்கள் கணக்கிலேயே இல்லை. பிறகு ஷாவின் மகள் சொல்லித்தான் அதையும் சேர்த்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள். 2009 மார்ச் 12-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை இதற்கு ஆதரவாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது, 391 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. அது சட்டம் அல்ல, ஆதரவு தெரிவிக்கும் தீர்மானம் மட்டுமே. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு மார்ச் 14-ஐ சர்வதேச கணித தினமாக அறிவித்தது, 2020 முதல் அப்படிக் கொண்டாடப்படுகிறது. மைக்கில் வாசிக்கும்போது 'சர்வதேச கணித தினம், யுனெஸ்கோ அறிவித்தது' என்று முதலில் சொல்லி, பை தினத்தை அதன் பிறகு சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பை என்று வந்துவிட்டால் ராமானுஜனைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. பையின் மதிப்பைக் கணக்கிட அவர் தந்த தொடர்கள் 1914-இல் அச்சாயின. அவற்றில் புகழ்பெற்ற ஒரு தொடரில் ஒவ்வொரு உறுப்பைக் கூட்டும்போதும் ஏறக்குறைய எட்டு இலக்கங்கள் கூடுதலாகச் சரியாகிவிடுகின்றன. அப்போது அதன் முழு வேகத்தைப் பார்க்க இயந்திரமே கிடையாது. 1985-இல் கோஸ்பர் என்ற அமெரிக்கர் அதைக் கணினியில் ஓட்டி ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கங்களுக்கு மேல் எடுத்தார். 2019 மார்ச் 14 அன்று, பை தினத்துக்கென்றே காத்திருந்து கூகுள் அறிவித்த 31.4 லட்சம் கோடி இலக்கச் சாதனையும் அந்தத் தொடரின் வழியில் வந்த சுட்நோவ்ஸ்கி சகோதரர்களின் சூத்திரத்தால் எட்டியதுதான். ராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது 1914 மார்ச் 17. மூன்று நாள் முந்தியிருந்தால் எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கும் என்று தோன்றும். அப்படிப் பொருந்திவிடாதா என்று நமக்கு ஆசை வரும் இடத்தில்தான் தேதியை இரண்டாவது தடவை சரிபார்க்க வேண்டும்.

உலக சிறுநீரக தினத்தை வாசிக்க வேண்டாம், குறைந்தபட்சம் 'மார்ச் 14' என்று வாசிக்க வேண்டாம். அது தேதிக்கு அல்ல, கிழமைக்கு வைத்த நாள்: மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, 2006 முதல். இரண்டாவது வியாழன் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வரும். 2013, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் 14-இல் வந்தது, அப்போது யாரோ தொகுத்த பட்டியல் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025-இல் அது 13-இல் வந்தது. அன்னையர் தினம், தந்தையர் தினம் எல்லாம் இதே ரகம்தான், பழைய பட்டியலை அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

ஜப்பானின் வெள்ளை தினம் இனிப்பு வியாபாரிகள் உண்டாக்கியது, அவர்களே அதை மறைப்பதும் இல்லை. அங்கே பிப்ரவரி 14-இல் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கம். அதற்குப் பதில் மரியாதையாக ஒரு மாதம் கழித்து ஆண்கள் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு நாளை வைத்தார்கள். ஃபுகுவோகாவில் இஷிமுரா மன்செய்தோ என்ற இனிப்புக் கடை 1970-களின் இறுதியில் இதை மார்ஷ்மெல்லோ தினமாக ஆரம்பித்தது. மிட்டாய் தயாரிப்பாளர்களின் தேசியக் கூட்டுறவு 1980-இல் வெள்ளை தினம் என்ற பெயரில் நாடு முழுக்கக் கொண்டுபோனது. யார் முதலில் என்பதில் அவர்களுக்குள் போட்டி உண்டு, அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. கொரியாவிலும் தைவானிலும்கூட இன்று அது பெரிய வியாபார நாள்.

சிப்ஸ் தினம் மாதிரியானவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 'தேசிய' என்ற அடைமொழியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. 1957-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் பத்திரிகை நூலகராக இருந்த வில்லியம் சேஸ் என்பவரும் அவர் சகோதரரும் இப்படிப்பட்ட நாட்களைத் தொகுத்து ஓர் ஆண்டு வெளியீடு கொண்டுவந்தார்கள். தொழில் சங்கங்களும் நிறுவனங்களும் விளம்பரக்காரர்களும் தங்கள் நாளை எழுதிப்போட்டு அதில் இடம்பிடித்தார்கள். அந்தப் பக்கம் நாடாளுமன்றத்திலும் நினைவு நாள் மசோதாக்கள் குவிந்து, 1995-இல் கீழவை அவற்றை அறிமுகப்படுத்துவதற்கே தடை போட்டுவிட்டது. அதனால்தான் 2009-இல் பை தினத்துக்கு மசோதா வராமல் ஆதரவுத் தீர்மானம் வந்தது. ஆக, அறிவித்தவர் பெயரும் ஆண்டும் இல்லாத உணவுப் பண்ட தினங்களை நான் பத்திரிகையில் சேர்த்ததே இல்லை. உங்கள் மகளையும் அதை விட்டுவிடச் சொல்வேன்.

அதற்குப் பதில் அந்த இடத்தில் வைக்க, மார்ச் 14-க்கே ஓர் அருமையான நாள் இருக்கிறது, ஆனால் இந்தப் பட்டியல்களில் அநேகமாக வருவதில்லை. 1997 மார்ச்சில் பிரேசிலின் குரிச்சிபா நகரில், பெரிய அணைகளால் வீடும் நிலமும் இழந்தவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து கூடினார்கள். ஆறுகளுக்கான சர்வதேசச் செயல் தினமாக மார்ச் 14-ஐ அவர்கள்தான் அறிவித்தார்கள். பிரேசிலில் பெரிய அணைகளை எதிர்த்துப் போராடும் நாளாக அது ஏற்கெனவே இருந்தது. விற்பதற்கு ஒரு பொருளும் இல்லாதவர்கள் வைத்த நாள் அது. காவிரியும் பாலாறும் தாமிரபரணியும் ஓடும் மாநிலத்தில் ஒரு பள்ளிக் கூட்டத்தில் அதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஒதுக்கலாம். துயரமான தேதிகளும் பட்டியல்களில் விடுபடும். மேற்கு வங்கத்தில் நந்திகிராம் நிலம் கையகப்படுத்தலை எதிர்த்த மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தது 2007 மார்ச் 14. மேல்வகுப்புப் பிள்ளைகள் என்றால் அதையும் சொல்லலாம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

நம் வீட்டிலேயே நடக்கும் ஒன்றும் இந்தத் தேதியை ஒட்டி வருகிறது: காரடையான் நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் சாவித்திரியை நினைத்துச் செய்யும் நோன்பு. வறுத்த அரிசி மாவும் காராமணியும் சேர்த்து வெல்ல அடை, உப்பு அடை, பக்கத்தில் உருகாத வெண்ணெய், கழுத்தில் மஞ்சள் சரடு. 'மாசிக் கயிறு பாசி படியும்' என்பார்கள், அதனால் மாசி தீர்வதற்குள் சரடு கட்டிவிட வேண்டும் என்று வீடுகளில் நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும்போது இது மட்டும் ஏன் எப்போதும் மார்ச் 14, 15 என்றே வருகிறது? தீபாவளி திதி பார்த்து, அதாவது நிலவைப் பார்த்து வருவது. இது சூரியன் மீன ராசிக்குள் நுழையும் கணத்துக்கு வருவது, பொங்கலும் சித்திரை முதல் நாளும் போல. அப்படியும் முழுக்க நிலையானதல்ல. நம் பஞ்சாங்கத்தின் ஆண்டு நட்சத்திரங்களை வைத்து அளப்பது, ஆங்கில நாட்காட்டியின் ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இந்த நோன்பு அடுத்தடுத்த தேதிக்குத் தள்ளிக்கொண்டே போகும்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், 'தற்செயலா?' என்பதற்கு. ஆம், தற்செயல்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கவர்கள் என்று பத்தாயிரம் பேரை எடுத்தால், 365 நாட்களுக்குப் பங்கிடும்போது ஒரு நாளுக்குச் சுமார் 27 பேர் பிறந்திருப்பார்கள், அதே அளவு இறந்திருப்பார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்களிலிருந்து அறிவியலோடு சேர்ந்தவர்களை மட்டும் பொறுக்கினால் எந்தத் தேதியிலும் ஒரு மர்மம் தயாராகிவிடும். மார்ச் 14-க்கே பாருங்கள், கணிதவியலாளர் சியெர்பின்ஸ்கி 1882-இல் பிறந்தார், செவ்வாயில் கோடுகளைப் பார்த்த ஸ்கியாபரெல்லி 1835-இல், மருத்துவ நோபல் பெற்ற பால் எர்லிக் 1854-இல், சந்திரனிலிருந்து கடைசியாகத் திரும்பிய ஜீன் செர்னன் 1934-இல். கூடவே பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு 1794-இல் எலை விட்னி பெற்ற காப்புரிமை. ஐன்ஸ்டீனும் ஹாக்கிங்கும் இருவருமே 76 வயதில் இறந்தார்கள் என்பதும் உண்மைதான், அதற்கும் பொருள் எதுவும் இல்லை. இதில் ஹாக்கிங்கே நமக்குத் துணை நிற்கிறார். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1942 ஜனவரி 8-இல் அவர் பிறந்தார். அதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வேறு இரண்டு லட்சம் குழந்தைகளும் பிறந்திருக்கும் என்று தானே சேர்த்துச் சொல்வார்.

கிரிக்கெட் பிடித்த பிள்ளைகள் இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2001 மார்ச் 14, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட்டின் நான்காம் நாள். ஃபாலோ ஆன் வாங்கிய இந்தியா 4 விக்கெட்டுக்கு 254 என்று ஆரம்பித்து, மாலையில் அதே 4 விக்கெட்டுக்கு 589 என்று முடித்தது. லக்ஷ்மணும் திராவிடும் நாள் முழுக்க ஆடினார்கள், ஒரு விக்கெட்கூட விழவில்லை. 'லக்ஷ்மண் 281 அடித்த நாள்' என்று மட்டும் வாசித்துவிட வேண்டாம். 14-ஆம் தேதி மாலை அவர் 275, 281-இல் ஆட்டமிழந்தது மறுநாள் காலை. ஸ்கோர் புத்தகம் இருப்பதால் இது ரன் கணக்கு வரை உறுதியாகத் தெரிகிறது.

ஆகவே நான் வாசிக்கக் கொடுப்பதாக இருந்தால் கணித தினம், ஐன்ஸ்டீன், ஆலம் ஆரா, ஆறுகள் தினம், ஈடன் கார்டன்ஸ் என்று ஐந்தோடு நிறுத்துவேன், ஒவ்வொன்றுக்கும் ஊரும் ஆண்டும் சேர்த்து. பை தினத்தைப் பற்றி உங்கள் மகள் இன்னொன்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள், நாம் தேதியை 14/3 என்றுதானே எழுதுகிறோம், நமக்கு எப்படி இது பை ஆகும் என்று. நல்ல கேள்வி. நம்மைப் போல நாளை முதலில் எழுதும் நாடுகளில் இதற்காகவே ஜூலை 22-ஐயும் கொண்டாடுகிறார்கள், 22/7. பள்ளியில் நாம் காலங்காலமாகப் போடும் அந்தப் பின்னம் பையைவிட 0.00126 கூடுதல். 3.14 என்பதோ 0.00159 குறைவு. அமெரிக்கத் தேதியைவிட நம் தேதிதான் பைக்குச் சற்று நெருக்கம். ஜூலையில் பள்ளியும் திறந்திருக்கும், பரீட்சை நெருக்கடியும் இருக்காது. ஒரு சொம்பு, ஒரு தட்டு, ஒரு வளையல், கொஞ்சம் நூல் இருந்தால் போதும். சுற்றளவை விட்டத்தால் வகுத்துப் பிள்ளைகளே பார்க்கட்டும். மார்ச் 14-இல் அறிவித்துவிட்டு, செய்முறையை ஜூலை 22-க்கு வைக்கலாமா என்று கணித ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.